வீட்டிலேயே ஒரு உறுதியான எழுத்துமேசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தச்சு வேலையில் ஆசை வந்து முதலில் மேசையில் கை வைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணா, எனக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. முதல் வேலையே டேபிள்ல ஆரம்பிக்கலாமா? ஸ்டூல்தான் முதல்ல செய்யணும்னு சொல்றாங்களே?

தாராளமாக ஆரம்பிக்கலாம். ஸ்டூல் சின்னதாக இருப்பதால் சுலபம் என்று நினைக்கிறார்கள். ஆனால் உட்கார்பவரின் முழு எடையையும், அவர் சாய்வதையும் அசைவதையும் அந்தச் சின்ன மூட்டுகள் தாங்கியாக வேண்டும். கால்கள் சாய்வாக வைத்த ஸ்டூல் என்றால் கோணக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். மேசையில் எல்லாமே நேர் வெட்டு, எல்லா மூலையும் 90 பாகை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்பவர்கள் கனமான மரம் வாங்கினால் மேசை உறுதியாகிவிடும் என்று நம்புகிறார்கள். மேசை கெட்டுப்போவது பெரும்பாலும் பாரத்தால் அல்ல, பக்கவாட்டு ஆட்டத்தால். கீழே வரும் பதில்கள் பலவும் அதைச் சுற்றியே இருக்கும்.

என்ன உயரம், என்ன அகலம் வைக்கட்டும்?

கடைகளில் விற்கும் மேசைகள் 29, 30 அங்குலம் இருக்கும். ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவருக்கு 30 அங்குலம் அதிகம். தோளைத் தூக்கிக்கொண்டுதான் தட்டச்சு செய்ய வேண்டிவரும். நீங்கள் உட்காரப்போகும் நாற்காலியிலேயே உட்கார்ந்து, பாதம் தரையில் பதிந்திருக்க, முழங்கையை மடக்கித் தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். அந்த அளவுதான் உங்கள் மேசையின் உயரம். பலருக்கு அது 27க்கும் 29க்கும் இடையில் வரும்.

ஆழம் 24 அங்குலம் இருந்தால் திரை கண்ணிலிருந்து கை நீளத்தில் இருக்கும். நீளம் 4 அடி போதும். 5 அடி வேண்டும் என்பவர்கள் தொய்வு பற்றிய பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேக்குல செய்யட்டுமா, பிளைவுட்லயா?

முதல் மேசை என்றால் பிளைவுட். தேக்கு மட்டம் என்பதால் அல்ல. இரண்டடி அகலப் பலகை வேண்டுமென்றால் நாலைந்து பலகைகளை இழைத்து, விளிம்பு விளிம்பாக ஒட்டிச் சேர்க்க வேண்டும். இழைப்புளி கைக்குப் பழகாதவருக்கு அதுவே பெரிய வேலை. மழைக்காலத்தில் மரம் விரிந்து கோடையில் சுருங்குவது வேறு. பிளைவுட்டில் அடுக்குகளை மாற்றி மாற்றி ஒட்டியிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

மரத்தூளையும் மரச்சில்லையும் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டும் வேண்டாம். ஸ்க்ரூ ஒருமுறை கழன்றால் மறுபடி பிடிக்காது. வீடு துடைக்கும் தண்ணீர் பட்டால் அடிப்பக்கம் ஊதிவிடும்.

கடைல எம்ஆர், பிடபிள்யூஆர், மரைன்னு என்னென்னமோ சொல்றாங்க. எது வாங்கறது?

அடுக்குகளை ஒட்டிய பசை ஈரத்துக்கு எவ்வளவு தாங்கும் என்பதுதான் இந்தப் பெயர்களின் வித்தியாசம். எம்ஆர் காற்றிலுள்ள ஈரப்பதத்தைத் தாங்கும். பிடபிள்யூஆர் அதற்கும் மேல். ஐஎஸ் 710 முத்திரையோடு வரும் மரைன் பிளை தொடர்ந்து நனைந்தாலும் தாங்கும். சமையலறைத் தொட்டிக்குக் கீழே போட வேண்டியது அது. எழுத்துமேசைக்கு 18 மி.மீ. பிடபிள்யூஆர் போதும். மரைனுக்குக் கொடுக்கும் கூடுதல் காசை நல்ல ஸ்க்ரூவுக்கும், ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்கும் செலவழியுங்கள்.

பெயரை விட முக்கியம், ஷீட்டின் விளிம்பை உங்கள் கண்ணால் பார்ப்பது. அடுக்குகளுக்கு நடுவே இடைவெளியோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மடிப்போ இருந்தால் வேறு ஷீட் கேளுங்கள். விரலால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓட்டைச் சத்தம் வந்தால் உள்ளே பொள்ளல். ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், அந்த உரிமம் யாருடையது என்று காட்டும். முத்திரையை மட்டும் அச்சடித்து விற்பவர்களும் உண்டு, அதனால் சொல்கிறேன்.

ஒரு ஷீட்ல முழு டேபிளும் வருமா?

8×4 ஷீட் ஒன்று சரியாகப் போதும். ஷீட்டை நடுவில் அறுத்தால் 4×4 அடியில் இரண்டு. அதில் ஒன்றை மறுபடி நடுவில் அறுத்தால் 48×24 அங்குலத்தில் இரண்டு பலகைகள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 36 மி.மீ. தடிமனில் மேல்பலகை தயார்.

இன்னொரு பாதியில், நாலு கால்களுக்குப் பதிலாக இரு பக்கமும் நிற்கப்போகும் பக்கப் பலகைகள் இரண்டு, 27½ அங்குல உயரம், 22 அங்குல அகலத்தில். அவற்றை அறுத்தபின் 48 அங்குல நீளத்தில் சுமார் 20 அங்குலம் மீதி இருக்கும். அதிலிருந்து 12 அங்குலத்தில் பின்பலகை, 4 அங்குலத்தில் தரையை ஒட்டிய பின்பட்டை, 3 அங்குலத்தில் முன்பட்டை. இந்த மூன்றின் நீளமும் 44½ அங்குலம். மேல்பலகை இரு பக்கமும் ஒரு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மொத்த உயரம் கிட்டத்தட்ட 29 அங்குலம். உங்களுக்கு 28 போதுமென்றால் பக்கப் பலகையில் ஒரு அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வெட்டிலும் ரம்பப் பல் சுமார் 3 மி.மீ. தின்றுவிடும். தச்சர் கணக்கில் ஒரு நூல்; ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அதை மறந்துவிட்டு வரைந்தால் கடைசித் துண்டு குறையும்.

என்னென்ன டூல்ஸ் வாங்கணும்? பட்ஜெட் கம்மி.

பெரிய வெட்டுகளைப் பிளைவுட் கடையிலோ, பேனல் அறுக்கும் பட்டறையிலோ செய்து வாங்கிவிடுங்கள். முழு ஷீட் 30 கிலோவுக்கு மேல் எடை. மாடிப்படியில் ஏற்றுவதை விடத் துண்டுகளாகத் தூக்குவது லேசு. அவர்களுடைய பெரிய ரம்பத்தில் வரும் நேர்க்கோடு உங்கள் கையில் இப்போதைக்கு வராது.

அப்புறம் வேண்டியது: டேப், மூலைமட்டம், ட்ரில் மெஷின், 3 மி.மீ. பிட், ஸ்க்ரூ தலை உள்ளே அமர கவுண்டர்சிங்க் பிட், கைரம்பம் ஒன்று, உப்புத்தாள், கிளாம்ப் நான்கு. மூலைமட்டத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கடையிலேயே சோதித்துவிடலாம். நேரான விளிம்புள்ள அட்டையில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாக விழாவிட்டால் அந்த மட்டம் தப்பு.

வீட்ல கிரைண்டர் இருக்கு. மரம் அறுக்கிற பிளேடு மாட்டி அறுத்துக்கலாமா?

வேண்டாம். ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். பல்லுள்ள பிளேடு மரத்தில் சிக்கினால் மெஷினே உங்கள் பக்கம் எகிறும். ஒரு கையால் பிடித்திருப்பவரால் அதை நிறுத்த முடியாது. தச்சர்கள் மார்பிள் கட்டரில் மரம் அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடித்தட்டாவது உண்டு. ஆனால் வெட்டி முடித்ததும் பல்லைத் தானாக மூடிக்கொள்ளும் காப்பு கிடையாது. மரத்துக்கென்று வரும் சர்க்குலர் சாவில் அது உண்டு. மெஷின் வாங்கினால் அதை வாங்குங்கள், இல்லையென்றால் கடையில் அறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஃப்ரெண்ட் செஞ்ச டேபிள் நல்ல மரம்தான், ஆனா டைப் பண்ணும்போதே ஆடுது. ஏன்?

எல்லாக் கேள்வியிலும் முக்கியமானது இதுதான். நாலு சட்டங்களை மூலைக்கு ஒரு ஆணியாக அடித்துச் சதுரம் செய்து, ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். அப்படியே சாய்சதுரமாகப் படுத்துவிடும். அதிலேயே மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் அடித்தால் அசையாது. சட்டம் தேக்கா, பைனா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேசையும் அந்தச் சதுரம்தான். முன்பக்கம் கால் நீட்டத் திறந்திருக்க வேண்டும் என்பதால், இடம் வலமாக ஆடுவதைத் தடுக்கப் பின்பக்கம்தான் மிஞ்சுகிறது.

12 அங்குலப் பின்பலகை வைக்கச் சொன்னது அதற்காகத்தான். அகலமான பலகை ஒன்று இரண்டு பக்கப் பலகைகளையும் பிடித்துக்கொண்டால், குறுக்குச் சட்டம் செய்யும் வேலையை அதுவே செய்துவிடும். அதை 4 அங்குலமாகக் குறைத்தால் அழகாக இருக்கும், ஆனால் ஆடும். முன் பின்னாக ஆடுவதைப் பக்கப் பலகைகளே தடுத்துவிடும். கால் வைத்த மேசை செய்பவர்களுக்கும் இதே நியாயம்தான்: காலோடு சேரும் சுற்றுச்சட்டம் எவ்வளவு உயரமோ அவ்வளவு பிடிப்பு. 4 அங்குலத்துக்குக் குறையாதீர்கள்.

உங்கள் நண்பருடைய மேசையில் இப்போது செய்யக்கூடியது, பின்பக்கம் ஒரு பிளைவுட் பட்டையைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துவது. சின்ன எல் வடிவ இரும்புப் பட்டிகளை மூலைக்கு மூலை அடிப்பதில் பெரிய பயன் இல்லை. அவை வளைந்து கொடுக்கும், சில மாதத்தில் ஸ்க்ரூவும் லூசாகும். அதற்கு முன், ஆடுவது மேசையா தரையா என்று பாருங்கள். ஒரு கால் தரையைத் தொடாமல் இருந்தால் அதற்கு அடியில் ஒரு காகிதம் நுழையும். அது தரையின் கோளாறு. திருகி உயர்த்தும் புஷ் போட்டால் போதும்.

ஃபெவிகால் போதுமா, ஸ்க்ரூவும் போடணுமா?

இரண்டும். பசை காயும்வரை ஸ்க்ரூ இறுக்கிப் பிடிக்கிறது; காய்ந்தபின் பாரத்தைச் சுமப்பது பசைதான். வெள்ளைப் பசை மெல்லிய படலமாக, இரண்டு பரப்பும் முழுக்கத் தொட்டிருந்தால்தான் பிடிக்கும். இடைவெளியைப் பசையால் நிரப்பலாம் என்று நினைக்காதீர்கள். ஒட்டியபின் ஒரு நாள் முழுக்க பாரம் வைக்காமல் விடுங்கள்.

பிளைவுட்டின் விளிம்பில் நேராகப் போகும் ஸ்க்ரூ அடுக்குகளைப் பிளக்கும். அதனால் பக்கப் பலகையும் பின்பலகையும் சேரும் உள்மூலையில் ஒரு அங்குலக் கட்டை ஒன்றை நிறுத்தி, அதில் இரண்டு பலகைகளையும் ஸ்க்ரூ செய்யுங்கள். முதலில் 3 மி.மீ. துளை, பிறகு ஸ்க்ரூ. ஜிப்சம் வேலைக்கு வரும் கறுப்பு ஸ்க்ரூ மலிவாகக் கிடைக்கும்; கெட்டி மரத்தில் இறுக்கும்போது தலை முறிந்துவிடும். மர ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள். இறுக்கம் அதிகமாக இருந்தால் புரியில் கொஞ்சம் மெழுகு தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

ரெண்டு பலகையை ஒட்டறது வேஸ்ட் இல்லையா? ஒரே பலகை போட்டா தொய்யுமா?

நாளடைவில் தொய்யும். பலகையின் தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். ஆனால் இரண்டும் முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாமல் அடுக்கி மட்டும் வைத்தால் இரண்டு மடங்குதான். அதனால் ஒட்டும்போது சிக்கனம் பார்க்காமல் முழுப்பரப்பிலும் பசை தடவி, அடியிலிருந்து 30 மி.மீ. ஸ்க்ரூ போட்டு, மட்டமான தரையில் கவிழ்த்து வைத்து, மேலே புத்தகமோ தண்ணீர்க் கேனோ ஏற்றி ஒரு இரவு விடுங்கள். தரை பள்ளமாக இருந்தால் பலகையும் அதே பள்ளத்தோடு காய்ந்துவிடும்.

நீளம் கூடினாலும் இதே கணக்கு மறுபக்கமாக வேலை செய்யும். 4 அடியை 5 அடியாக்கினால், நடுவில் வைக்கும் அதே பாரத்துக்குத் தொய்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 5 அடி வேண்டுமென்றால் முன்பட்டையைக் கட்டாயம் போடுங்கள். விளிம்பிலிருந்து நாலைந்து அங்குலம் உள்ளே தள்ளி வைத்தால் தொடையில் இடிக்காது.

மேல மைகா ஒட்டினேன், ஒரு மாசத்துல பலகை வளைஞ்சு போச்சு. பிளைவுட் டூப்ளிகேட்டா?

பிளைவுட்டின் மேல் பழி போட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மைகா ஒட்டினால் அந்தப் பக்கம் ஈரக்காற்று புகாது, அடிப்பக்கம் மட்டும் ஈரத்தை வாங்கும், விடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடக்காததால் பலகை இழுத்துக்கொள்கிறது. அடியிலும் ஒரு மெல்லிய மைகா ஒட்டுவதற்குக் காரணம் இதுதான். உள்பக்கத்துக்கென்றே மலிவாக லைனர் மைகா கிடைக்கும். வார்னிஷ் அடிப்பவர்களும் அடிப்பக்கத்தை விட்டுவிடக் கூடாது.

இல்ல, எனக்கு மரத்துலதான் வேணும். மரவாடில என்ன கேக்கணும்?

சரி. முதலில் கன அடிக் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் தடிமனையும் அங்குலத்திலும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. 3×3 அங்குலத்தில் இரண்டரை அடிக் கால்கள் நாலு என்றால் 0.625 கன அடி. அறுத்த அளவுக்குத்தான் காசு. இழைத்தபின் பக்கத்துக்கு ஒரு நூலாவது குறையும். 3 அங்குலக் கால் வேண்டுமென்றால் 3¼ கேட்க வேண்டும்.

அடுத்து, வெள்ளை இல்லாத கட்டையாகப் பொறுக்குங்கள். மரத்தின் வெளிச்சுற்றில் வெளிறி இருக்கும் வெள்ளைப் பகுதியைத்தான் வண்டு முதலில் தின்னும். வைரம் பாய்ந்த உட்பகுதிதான் நிற்கும். காசு குறைவென்றால் வேங்கை, நன்றாக வைரம் ஏறிய வேம்பு, பழைய வீடு இடித்ததில் வந்த தேக்கு ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். பழைய மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆணி மட்டும் ஒளிந்திருக்கும், ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு இழையுங்கள்.

புதிதாக அறுத்த மரத்தை வாங்கியவுடன் வேலையில் இறங்காதீர்கள். நடுநடுவே சின்னக் குச்சி வைத்து, காற்றுப் போக அடுக்கி, மேசை இருக்கப்போகும் அறையிலேயே சில வாரம் வைத்திருங்கள். திரும்புவதெல்லாம் அப்போதே திரும்பிவிடட்டும்.

மரப்பலகைய ஸ்க்ரூ போட்டு இறுக்கினா வெடிச்சிடும்னு ஆசாரி சொல்றாரு. அப்ப எப்படித்தான் மாட்டறது?

ஆசாரி சொல்வது சரி. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, குறுக்கே அசையும். இரண்டடி அகலத் தேக்குப் பலகை கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் சில மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். நாலு பக்கமும் இறுக்கிவிட்டால் அது போக இடமில்லாமல் நடுவில் விரிசல் விடும்.

சட்டத்தில் உருண்டைத் துளைக்குப் பதிலாகப் பலகையின் குறுக்குவாக்கில் நீண்ட துளை போட்டு, வாஷரோடு ஸ்க்ரூவைப் பாதி இறுக்கத்தில் வையுங்கள். பின்வரிசையை மட்டும் முழுதாக இறுக்கலாம். பலகை முன்பக்கமாக விரிந்துகொள்ளும். பலகைகளை ஒன்றோடொன்று விளிம்பில் பசை போட்டு ஒட்டுவதால் இந்தப் பிரச்சினை வராது. எல்லாம் ஒரே திசையில் அசைகின்றன. பிளைவுட் மேசைக்கு இது எதுவுமே தேவையில்லை.

பேலட் கட்டை சும்மா கிடைக்குது. யூஸ் பண்ணலாமா?

பேலட் என்பது சரக்கை அடுக்கி ஏற்றி இறக்க அடியில் வைக்கும் மரத்தட்டு. அதன் கட்டையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்டி (HT) என்றால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, எடுத்துக்கொள்ளலாம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாவிட்டாலும், எண்ணெய்க்கறை படிந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் மெல்லிய பைன் பலகைதான் கிடைக்கும். அலமாரித் தட்டு செய்யலாம். மேசைக் காலுக்குப் போதாது.

கறையான் வருமோன்னு பயமா இருக்கு.

கறையான் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் மண்பாதை கட்டிக்கொண்டு வரும். மேசை சுவரை விட்டு இரண்டு அங்குலம் தள்ளி, கால் அங்குல நைலான் புஷ் மேல் நின்றால் பாதை கட்டியது கண்ணில் பட்டுவிடும். தரை துடைக்கும் தண்ணீர் பிளைவுட் விளிம்பில் ஊறாமலும் அந்த புஷ் காக்கும். மாவு மாவாகக் கீழே கொட்டினால் அது கறையான் அல்ல, வண்டு. ரப்பர் மரத்தில் இது அதிகம். மருந்தேற்றிய பலகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

பாலிஷ் எது ஈஸி? பிரஷ் கோடு தெரியாம வரணும்.

உப்புத்தாளின் பின்னால் இருக்கும் எண் கூடக் கூடத் தாள் நைசாகும். 80, 120, 180 என்று வரிசையாக, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். பிளைவுட்டில் 80ஐத் தொடாதீர்கள், மேல் தோல் கிழிந்துவிடும். முதல்முறை செய்பவர் பிரஷ்ஷை விட்டுவிட்டுப் பழைய பருத்தித் துணியால் வார்னிஷைத் துடைத்துத் துடைத்து மூன்று நாலு கை ஏற்றுவதே நல்லது, கோடு விழாது. ஒவ்வொரு கைக்கும் நடுவே காயவிட்டு 220ஆல் லேசாகத் தேயுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துபவர்கள் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்தபின் எறியுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள்.

பழைய ஃப்ளஷ் கதவு ஒண்ணு இருக்கு. அதையே மேல்பலகையாக்கிடலாமா?

நல்ல யோசனை. 30, 35 மி.மீ. தடிமன் தயாராகவே இருக்கிறது. தட்டிப் பாருங்கள், எங்கு தட்டினாலும் கெட்டியான சத்தம் வந்தால் உள்ளே கட்டை நிரப்பியது. அங்கங்கே பொள்ளல் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள், ஸ்க்ரூ பிடிக்காது. கதவை அறுத்தால் ஓரச்சட்டம் போய் உள்கட்டை தெரியும். அந்த ஓரத்தை ஒரு மரப்பட்டையால் பசை போட்டு மூடிவிடுங்கள். பூட்டு இருந்த ஓட்டையைப் பின்பக்கம் வரும்படி வைத்தால் ஒயர் போக வழியாகிவிடும்.

வாடகை வீடு. காலி பண்ணும்போது வாசல்ல நுழையுமா?

ஒட்டி முடித்த மேசை 48×24×29 அங்குலம். 30 அங்குல வாசலில் பக்கவாட்டில் நுழையும், ஆனால் சுவருக்கு அருகில் திருப்பம் இருந்தால் மாட்டிக்கொள்ளும். வெட்டுவதற்கு முன்பே வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துவிடுங்கள்.

அடிக்கடி வீடு மாறுபவர் என்றால், மேல்பலகையின் இரண்டு அடுக்கையும், மூலைக்கட்டையைப் பக்கப் பலகையோடும் மட்டும் பசை போட்டு ஒட்டுங்கள். பின்பலகையும் பட்டைகளும் மேல்பலகையும் சேரும் இடங்களில் பசை இல்லாமல் 6 மி.மீ. போல்ட்டும் நட்டும். பசை இல்லாததால் பின்பலகைக்குப் பக்கத்துக்கு மூன்று போல்ட்டாவது வேண்டும், வாஷரோடு. மாட்டிய முதல் மாதத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். கழற்றும்போது எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று பென்சிலால் உள்பக்கம் எழுதி வையுங்கள்.